செல்வம்மாள் நிமிர்த்திய பதினொரு ஊசிகள்

என் மகன் பாலாஜிக்குக் காது குத்திய அன்றைக்கு என் கொழுந்தியா செல்வம்மாள் கை நனைக்காமல் போனாள். இது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. குலசாமி கோயிலில் இரண்டு கெடா வெட்டி முந்நூறு பேருக்கு இலை போட்டேன். என் சம்சாரம் ஜானகியின் கூடப்பிறந்தவள், வந்தாள், சீர்த் தட்டை வைத்தாள், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடிய ஜானகியிடம் "வேலை கெடக்குக்கா" என்றாளாம். யாருக்குத்தான் வேலை இல்லை? அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்ட முந்நூறு பேரும் வேலைவெட்டி இல்லாதவர்களா?

நான் அஞ்சாவதோடு நின்றவன். மினி லாரி ஓட்டுகிறேன். குன்னம் பக்கத்து வெங்காயத்தையும் மக்காச்சோளத்தையும் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. படிப்புதான் ஏறவில்லையே தவிர, ஒரு விஷயம் மனசில் ஏறிவிட்டால் இறங்காது. அன்றிலிருந்து செல்வம்மாள் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. காப்பி போட்டுக் கொடுத்தால் ஆறட்டும் என்று வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவளைப் பற்றி உட்கார்ந்து எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். போன தை மாதம் எழுத வைத்துவிட்டது.

செல்வம்மாளுக்கு நாற்பத்து நாலு வயசு. குன்னத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கிணற்றோடு ஒரு ஏக்கர் கொல்லை, பருத்தி. புருஷன் அமாவாசை, என் சகலை, அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறான். மாசத்தில் இருபது நாள் ரோட்டில்தான் இருப்பான். பெண் ஒன்றே ஒன்று, அனிதா. பாலிடெக்னிக்கில் கட்டட வேலைக்குப் படித்தாள். படித்துவிட்டுத் திருச்சி ஜவுளிக்கடையில் இரண்டு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

அப்புறம் அவளாகவே தேடி ஒரு வேலை பிடித்தாள். கோயம்புத்தூரில் ஆபீஸ். வீட்டிலிருந்தே வீடுகளுக்குப் படம் வரைந்து அனுப்ப வேண்டும். அதற்கு நல்ல வேகமான கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதில் வந்து உட்கார வேண்டும். வரவில்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கிற பெண்ணுக்குப் போய்விடும். இரண்டு வாரம் பொறுங்கள் என்று ஒருமுறை கேட்டு வாங்கியாகிவிட்டது. இன்னொரு முறை கேட்க முடியாது.

கடையில் முழுசாக வாங்கினால் விலை கட்டாது என்று பாகம் பாகமாக வரவழைத்து, தானே பூட்டிக்கொள்வதாகச் சொன்னாள். சனிக்கிழமை காலை பெரம்பலூர் பார்சல் ஆபீசில் ஏழு பெட்டி வந்து இறங்கியது. என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன். செல்வம்மாள் வீட்டில் இல்லை, கொல்லையில் இருந்தாள். அந்தச் சமயத்தில் அவளை வீட்டில் பார்க்கவே முடியாது.

அனிதா கூடத்தில் பெட்டிகளைப் பிரித்து வரிசையாக வைத்தாள்.

"பெரியப்பா, எதையும் தொட்றாதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

"நான் எதுக்குடி தொடுறேன்? லாரி இன்ஜினையே எறக்கி ஏத்துனவன் நான்."

"அதான் பயமா இருக்கு."

மதர்போர்டு என்று ஒரு பச்சைப் பலகையை எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தாள். அதன் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு இரும்புச் சட்டம். பக்கத்துக் கம்பியைத் தூக்கி, சட்டத்தைத் திறந்து, மேலிருந்த கறுப்பு மூடியைக் கழற்றினாள். உள்ளே தங்கம் மாதிரி மின்னியது.

"இது என்னா?"

"பிராசசர் உக்கார்ற எடம். உங்க பாஷைல சொன்னா இன்ஜின் இங்கதான் உக்காரும்."

அதற்குள் போன் அடித்தது. கோயம்புத்தூர் ஆபீஸ்காரர்கள். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, தெருவுக்கு ஓடினாள்.

புது யந்திரம் எதுவானாலும் ஓடவிடுவதற்கு முன்னால் சந்தனம் குங்குமம் வைப்பது என் வழக்கம். லாரி இன்ஜினுக்கு வைத்திருக்கிறேன், கிணற்று மோட்டாருக்கு வைத்திருக்கிறேன், ஜானகி வாங்கிய கிரைண்டருக்கும் வைத்தேன். ஒன்றும் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. சின்னப் பெண், இதெல்லாம் அவளுக்குத் தோன்றாது, நாம்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். சாமி மாடத்திலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்தேன். இரும்புச் சட்டத்தில் வைத்திருக்கலாம், பாவி. இன்ஜின் உட்காரும் இடம் என்றாளே என்று அந்தத் தங்கத்தின் மேலேயே மோதிர விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமத்தையும் வைத்தேன். கொஞ்சம் வழிந்த மாதிரி இருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். துண்டின் நூல் ஏதோ சிக்கிற்று. வெடுக்கென்று இழுத்தேன்.

அனிதா உள்ளே வந்தாள். பலகையைக் குனிந்து பார்த்தாள்.

"என்ன பெரியப்பா பண்ணுனீங்க?"

"பொட்டு வச்சேம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தங்கத் தகடு என்று நினைத்தது தகடே இல்லை. மயிரை விட மெல்லிய ஊசிகளாம், ஆயிரத்துக்கு மேலே, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறதாம்.

பலகையை அவள் மடியில் வைத்துக்கொள்ள, பெரம்பலூருக்குத் திரும்பவும் வண்டியை விரட்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அருள்முருகன் என்று ஒரு தம்பி. பலகையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"யாருண்ணே இதுக்குப் பொட்டு வச்சது?"

"நாந்தான்."

"ஆயுத பூசைக்கு எல்லாரும் பெட்டி மேல வைப்பாங்க. கர்ப்பக்கிரகத்துக்குள்ளயே போயி வச்ச ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே."

வேறு நாளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் ஸ்பிரிட்டில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துக் குங்குமத்தை எல்லாம் எடுத்தான். கண்ணில் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு எண்ணினான்.

"பதினொரு ஊசி மடங்கிக் கெடக்கு. இதே போர்டு வரவழைச்சா அஞ்சாறு நாள் ஆவும்."

"திங்கக்கெழம காலைல வேணும் தம்பி."

"அப்ப நிமுத்தத்தான் வேணும். நான் கை வைக்க மாட்டேண்ணே. இதே மாதிரி ரெண்டு போர்ட நிமுத்தறேன்னு போயி ஒடிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு ஒடிஞ்சாலும் குப்பைலதான் போடணும். கை நடுங்காத ஆளா பாருங்க. நல்ல வெளிச்சத்துல, ஊசிய வச்சு, மத்ததெல்லாம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்கமா மெதுவா தள்ளணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

திரும்பி வரும்போது குன்னம் தாண்டும்வரை அனிதா மடியிலிருந்த பலகையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்: "பரவால்ல பெரியப்பா. ஜவுளிக்கடைல நிக்கிறதுக்கு எடம் எப்பவும் இருக்கும்." அவள் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள்.

சாயங்காலம் ஆறரைக்குச் செல்வம்மாள் கொல்லையிலிருந்து வந்தாள். சுற்றிவளைக்காமல் நான்தான் உடைத்தேன் என்று சொல்லிவிட்டேன். தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் கை கால் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பலகையைப் பல்பு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கடைக்காரன் என்ன சொன்னான் என்று அனிதாவைக் கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

"இந்த வெளிச்சத்துல வேணாம். நாளைக்கு மத்தியானம் நான் பாக்குறேன்."

"நீயா?" என்றேன்.

"நாந்தான். வேற யாரு இருக்கா?"

"சரி, அதுக்கு ஏன் மத்தியானம்? விடிஞ்ச ஒடனே பாக்க வேண்டியதுதானே?"

"காலைல கொல்லைல வேலை கெடக்கு மாமா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதே வார்த்தை. "பெத்த பொண்ணு பொழப்பு இங்க நாறிக் கெடக்கு, உனக்குக் கொல்லையா பெருசு?" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஆளு பத்தல. நீங்களும் வாங்க காலைல. எட்டு மணிக்கெல்லாம் வந்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தப்புச் செய்தவன் நான், போகாமல் முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போனேன். இத்தனை வருஷம் இந்த ஊர் ரோட்டில் ஓட்டுகிறேன், பருத்திக் கொல்லைக்குள் இறங்கி நின்றதில்லை. செடிக்குச் செடி மொக்குகளின் மேல் சிவப்புக் காகிதக் குழாயைச் செருகி வைத்திருந்தார்கள். செல்வம்மாளும் இரண்டு பெண்களும் கூடையில் பறித்த பூவோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். குழாயை எடுப்பது, கையிலிருக்கிற பூவை உள்ளே இருக்கிற வெள்ளைக் காம்பில் தடவுவது, ஒரு நூலைக் கட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு. என் கையிலும் ஒரு பூக்கூடையைக் கொடுத்துப் பின்னால் வரச் சொன்னாள்.

விதைப் பருத்திக்குக் கிராசிங் என்று பெயர். அவள் வேலையை நிறுத்தாமலே சொன்னாள். முதல் நாள் சாயங்காலம், மறுநாள் மலரப்போகிற மொக்காகப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் இதழையும் உள்ளே இருக்கிற ஆண் தூளையும் சுற்றோடு உரித்து எடுத்து, குழாயால் மூடிவிட வேண்டும். நடுவில் இருக்கிற காம்பில் நகம் படக் கூடாது. பட்டால் காய் உதிர்ந்துவிடும். மறுநாள் காலையில் வேறு ரகத்துப் பூவின் தூளை அதில் தடவ வேண்டும்.

"பதினோரு மணிக்குள்ள தடவிறணும் மாமா. வெயில் ஏறிட்டா ஒட்டாது. நாளைக்கின்னா பூவே செத்துரும். நேத்து உரிச்சது ஆளுக்கு நானூறு மொக்கு."

அவள் பன்னிரண்டு வயசில் இந்த வேலைக்குப் போனவள். அடுத்தவர் கொல்லையில், மேஸ்திரியிடம். ஒரு மொக்கில் நகம் பட்டால் தலையில் ஒரு குட்டு. கல்யாணமாகி வந்தும் விடவில்லை. அனிதா வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாசம் வரைக்கும் நின்றிருக்கிறாள். பத்து வருஷத்துக்கு முன்னால்தான் கிணறு வெட்டி, சொந்தக் கொல்லையிலேயே போட ஆரம்பித்தாள். பெண்ணின் பாலிடெக்னிக் முழுக்க அந்த நகத்தில் வந்ததுதான். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக விட்டிருப்பாள். ஸ்டைல் பண்ணுகிறாள் என்று ஜானகியிடம் நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

எனக்கு எதுவோ உறைத்தது. கூடையைக் கீழே வைத்தேன்.

"பாலாஜி காதுகுத்தும் தை மாசம்தானே?"

"ஆமா. அதுக்கென்னா இப்ப?"

"நீ கை நனைக்காமப் போனியே."

அவள் நிமிர்ந்தாள். "அய்ய, அதையா இன்னும் வச்சிருக்கீங்க? நீங்க கெடாய வெட்டுனதே எட்டரைக்கு. எப்ப எலை போட்டீங்க?"

"பன்னெண்டு... பன்னெண்டரை இருக்கும்."

"நான் சாப்ட்டுட்டுப் போயிருந்தா மேஸ்திரி என்னைய வெட்டிக் கொழம்பு வச்சிருப்பாரு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அக்காட்ட சொன்னேனே, வேலை கெடக்குன்னு. என்ன வேலைன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?" பக்கத்து வரிசைப் பெண் வாய்க்குள்ளேயே சிரித்தாள். செல்வம்மாள் விடவில்லை. "அதனாலதான் எங்க வூட்டுல காப்பிய வச்சுட்டு வச்சுட்டுப் போனீங்களா? நான் உங்களுக்குச் சக்கரை வந்துருச்சாட்டம் இருக்கு, சொல்ல வெக்கப்படுறாருன்னுல்ல நெனச்சேன். சக்கரை இல்லாம வேற போட்டுப் பாத்தேன்."

நான் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசிப் பூ முடிந்தது.

வீட்டில் வாசற்படிக்கு உள்பக்கம், வெயில் நேராக விழுகிற இடத்தில் அனிதா எல்லாம் தயாராக வைத்திருந்தாள். இரண்டு குடத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் செல்போனைப் படுக்க வைத்து, கேமராவால் கீழே பெரிதாகத் தெரிகிற மாதிரி செய்திருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நேற்று நான் கண்ட தங்கத் தகடு போனில் வயல் மாதிரி தெரிந்தது. வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றன.

"நட்ட நாத்து கணக்காத்தான் இருக்கு" என்றாள் செல்வம்மாள். "இந்த மூலைல மட்டும் மாடு பூந்துருச்சு."

மாடு நான்தான்.

ஃபேனை நிறுத்தச் சொன்னாள். தையல் ஊசியை ஒரு தக்கையில் குத்திப் பிடித்துக்கொண்டாள். டார்ச்சை என் கையில் கொடுத்து, "ஆட்டாதீங்க, மூச்ச அந்தப் பக்கம் விடுங்க" என்றாள். போனைப் பார்த்தபடியே ஊசியை உள்ளே இறக்கினாள். முதல் ஊசிக்குப் பத்து நிமிஷம் ஆனது. மடங்கிய நுனிக்கு அடியில் தையல் ஊசியின் முனையைக் கொடுத்து, தூக்கவில்லை, கொஞ்சம் சும்மா வைத்திருந்தாள். பிறகு இம்மியளவு. மறுபடி நிறுத்தினாள். மறுபடி இம்மியளவு. அது எழுந்து மற்றவற்றோடு சேர்ந்து நின்றது.

"ஒண்ணு" என்றாள் அனிதா.

நாலாவதில் தெருவில் எவனோ ஹாரன் அடித்தான். என் கை ஆடியது. அவள் கை ஆடவில்லை. ஏழாவதும் எட்டாவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. "இதுல ஒண்ணு போயிரும்மா" என்றாள் அனிதா. "பேசாம இருடி" என்றாள் செல்வம்மாள். தையல் ஊசியை வெளியே எடுத்துவிட்டு, நகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு பின்னாலிருந்து வந்து, மேலே கிடந்ததை முதலில் விலக்கினாள். இரண்டும் பிரிந்தன.

பதினொன்றாவது எழுந்தபோது மணி ஒன்றே முக்கால்.

அனிதா பிராசசரை வைத்து, சட்டத்தை மூடி, கம்பியை அழுத்தினாள். நறுக்கென்று ஒரு சத்தம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது அப்படித்தான் சத்தம் போடும் என்றாள், அவளுக்கே நம்பிக்கை இல்லாத குரலில். மற்ற பாகங்களையும் பூட்டி, வயர்களைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அனிதா மறுபடி ஜவுளிக்கடையில் நிற்பது கண்ணில் வந்துவிட்டது.

அனிதா அணைத்தாள். உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். "ராம் மெமரி சரியா உக்காரலையோ" என்று முனகிக்கொண்டே ஒரு நீளப் பட்டையைக் கழற்றித் திரும்ப வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது. மறுபடி சுவிட்ச்.

திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, இங்கிலீஷ். அனிதா அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். செல்வம்மாள் "விடுடி, ஒல வைக்கணும்" என்று விலக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் வெளியே வந்து வண்டி டயரைக் காலால் தட்டிப் பார்க்கிற மாதிரி நின்று மூக்கைச் சிந்தினேன். மூன்று மணிக்குச் சோறும் பருப்பும் கத்திரிக்காயும். உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது முறையும் போட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அனிதா திரை முன்னால் உட்கார்ந்தாள். நான் வெங்காயம் ஏற்றப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரோ ஒரு அம்மாளின் குரல் அவள் பெயரைச் சொல்லி நல்வரவு சொன்னது. போதும் என்று வண்டியில் ஏறினேன். மனசு பஞ்சு மாதிரி இருந்தது. கொல்லைக்குக் கிளம்பிய செல்வம்மாள் கூடையோடு வண்டி ஜன்னல் பக்கம் வந்தாள். வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, புதன்கெழம பெரம்பலூருக்கு லோடு இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"என்னையும் முன்னால ஏத்திக்கிட்டுப் போயி கண்ணாடிக் கடைல எறக்கி விடுங்க. ரெண்டு வருசமாக் கிட்டத்துல ஒண்ணும் தெரியல. பூ பெருசு, கை பழக்கத்துல ஓடிருது. நேத்து அந்தப் பலகையில நேராப் பாத்தா ஒரு ஊசிகூடத் தெரியல மாமா, ஒரே தூசி கணக்கா இருந்துச்சு. போன்ல தெரிஞ்சதாலதான் தப்பிச்சேன். அனிதாகிட்ட மூச்சு வுட்றாதீங்க. பதினோரு மணிக்கு மேல போவோம், கிராசிங் முடிஞ்சுரும்."